'5 ஜிகாபிட்' என்று அச்சிட்ட ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுக்க ஏன் ஒன்றரை மணி நேரம் ஆகிறது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் திருமணப் புகைப்படக்கூடம் நடத்துவதாகச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பது இது: புதுச்சேரியில் வாங்கிய 2 டெராபைட் கையடக்க ஹார்ட் டிஸ்க்கின் பெட்டியில் 5 ஜிகாபிட் என்று அச்சிட்டிருக்கிறது; அந்தக் கணக்குப்படி ஒரு திருமணத்தின் 180 ஜி.பி. படங்களும் காணொளிகளும் ஐந்து நிமிடத்துக்குள் ஏறிவிட வேண்டும். ஆனால் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, அல்லது 40 ஜிகாபிட் தரும் தண்டர்போல்ட் என்னும் வேறு வகை இணைப்புக்கு மாறினால்தான் தீருமா? வேகங்களை ஒப்பிடச் சொல்லும் கேள்வியாக இது தோன்றினாலும், உங்களுக்கு வேண்டியது, உங்கள் நேரம் எந்த இடத்தில் போகிறது, அதை மீட்கப் பணம் செலவழிக்கத்தான் வேண்டுமா என்பதற்கான விடை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். புதுச்சேரியில் பல ஆண்டுகளாகக் கணினிப் பழுதுபார்ப்பும் வன்பொருள் பயிற்சியும் செய்துவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து, உறுதியாகச் சொல்லக்கூடியவற்றையும், உங்கள் கணினியை நேரில் பார்க்காததால் ஊகமாக மட்டுமே சொல்லக்கூடியவற்றையும் பிரித்து எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சீர்செய்துகொள்வோம். இணைப்புகளின் வேகத்தைத் தயாரிப்பாளர்கள் பிட் அளவில் சொல்கிறார்கள். கோப்புகளின் அளவைக் கணினி பைட் அளவில் காட்டுகிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 5 ஜிகாபிட் என்பதை எட்டால் வகுத்து நொடிக்கு 625 மெகாபைட் என்று கொண்டிருக்கிறீர்கள். வகுத்தல் சரிதான், ஆனால் அந்த 5 ஜிகாபிட்டுக்குள்ளேயே ஒரு கழிவு இருக்கிறது. அந்த வேகத்தோடு 2008ஆம் ஆண்டு வெளிவந்த யு.எஸ்.பி. 3.0 இணைப்பில் எட்டு பிட் தரவை அனுப்பக் கம்பியில் பத்து பிட் ஓட வேண்டும். மறுமுனையில் இருக்கும் சில்லு ஒவ்வொரு பிட்டும் எங்கே தொடங்குகிறது என்பதைப் பிசகாமல் அறிந்துகொள்வதற்காகவே இந்தக் கூடுதல். ஆகவே அதன் உச்சமே நொடிக்கு 500 மெகாபைட்தான். கட்டளைகளுக்கும் மறுமொழிகளுக்கும் ஆகும் செலவு போக, வேகமான எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் கருவி) ஒன்றை அதில் மாட்டினால் 400 முதல் 450 மெகாபைட் வரை கிடைக்கும். இதுவரை சொன்னதில் ஐயத்துக்கு இடமில்லை.

இப்போது உங்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு வருவோம். 180 ஜி.பி.யை 5,400 நொடிகளால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 33 மெகாபைட் வருகிறது. விண்டோஸ் 1,024 என்ற அடிப்படையில் ஜி.பி.யைக் கணக்கிடுவதால் அதைத் திருத்தினாலும் 36 என்று ஆகுமே தவிர, அதற்கு மேல் போகாது. உங்கள் கேள்வியில் மிகவும் பயனுள்ள செய்தி இந்த எண்தான். யு.எஸ்.பி. 2.0 துளையில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகிப் படங்களை ஏற்றியவர்கள் எல்லோரும் 30க்கும் 40க்கும் இடைப்பட்ட இந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார்கள்.

2000ஆம் ஆண்டு வந்த யு.எஸ்.பி. 2.0இன் அறிவிக்கப்பட்ட வேகம் 480 மெகாபிட். அதாவது 60 மெகாபைட். அது ஏன் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்பதை விளக்கினால்தான் பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்கும் கையில் கிடைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு புரியும். அந்த இணைப்பில் ஒவ்வொரு நொடியும் எட்டாயிரம் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கோப்பு நகலெடுக்கும் வகைப் போக்குவரத்தில் ஒரு துண்டுக்குள் 512 பைட் கொண்ட பொட்டலங்கள் அதிகபட்சம் பதின்மூன்று செல்லலாம். மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 53 மெகாபைட் வருகிறது. காகிதக் கணக்கிலேயே 60 எட்டாத ஒன்று. இதற்கு மேல், தரவு போவதற்கும் வருவதற்கும் ஒரே ஓர் இணைக் கம்பிதான் இருக்கிறது. எனவே இரண்டும் முறைவைத்தே நடக்க வேண்டும். கணினி கேட்டால் ஒழிய கருவி பேச முடியாது. பழைய கட்டளை முறையில் ஒரு கட்டளை முற்றிலும் முடிந்த பிறகே அடுத்ததைத் தொடங்க முடியும் என்பதால் இடையிடையே கம்பி சும்மா கிடக்கும். இவை எல்லாம் சேர்ந்துதான் 53 என்பதை 35க்குக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. யு.எஸ்.பி. 3.0இல் போவதற்கு ஓர் இணை, வருவதற்கு ஓர் இணை எனத் தனிக் கம்பிகள் சேர்க்கப்பட்டதும், கட்டளைகளை வரிசையாக அடுக்கி அனுப்பும் முறை பின்னர் வந்ததும் இந்தக் குறைகளைத் தீர்ப்பதற்காகத்தான்.

ஆகையால் என் முதல் ஊகம், உங்கள் ஹார்ட் டிஸ்க் 3.0 வகையாக இருந்தும் 2.0 வேகத்தில்தான் கணினியோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பது. இது நடக்கக்கூடியது மட்டுமன்று, பழுதுபார்க்கும் மேசைக்கு அடிக்கடி வருவதும்கூட. 3.0 பிளக்கினுள் பழைய நான்கு தொடுமுனைகளோடு புதிதாக ஐந்து முனைகள் உண்டு. அந்த ஐந்தில் ஏதேனும் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் கருவி நின்றுபோகாது. எந்த எச்சரிக்கையும் காட்டாமல் பழைய நான்கு முனைகளின் வழியே 480 மெகாபிட்டுக்கு இறங்கி வேலையைத் தொடரும். படம் ஏறுகிறது, கோப்பு திறக்கிறது, எனவே யாரும் சந்தேகப்படுவதில்லை.

இப்படி இறங்குவதற்கான காரணங்களில் முதலாவது கேபிள். கையடக்க ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் அகலமான துளை இரு பகுதிகளாக இருக்கும். அதன் பெரிய பகுதியில் பழைய ஆண்ட்ராய்டு போன்களின் சார்ஜர் கேபிள் கச்சிதமாகப் பொருந்தும், வேலையும் செய்யும், ஆனால் 2.0 வேகத்தில் மட்டும். கூடவே வந்த கேபிள் காணாமல்போய், மேசையில் கிடந்த சார்ஜர் கேபிளைச் செருகிவிடுவது புகைப்படக்கூடங்களில் இயல்பாக நடப்பது. டைப்-சி துளை உள்ள ஹார்ட் டிஸ்க்காக இருந்தாலும் இதே நிலைதான்: சார்ஜ் செய்வதற்கென்று விற்கப்படும் டைப்-சி கேபிள்கள் பலவற்றுள் அதிவேகக் கம்பிகளே இருக்காது. அடுத்தது கணினியின் துளை. கேபினெட்டின் முன்பக்கத் துளைகள் உள்ளே ஒரு வயரால் மதர்போர்டோடு இணைக்கப்படுகின்றன. அந்த வயரை 2.0 முனையில் மாட்டியிருந்தால் முன்பக்கத்தில் வேகம் கிடைக்காது. நீல நிறத் துளை 3.0 என்பது பெரும்பாலும் சரி, ஆனால் அந்த நிறம் கட்டாய விதியன்று. பிளக்கை மிக மெதுவாகச் செருகும்போது பழைய முனைகள் முதலில் தொட்டு, கணினி 2.0 கருவியாகவே பதிந்துகொள்வதும் உண்டு. கழற்றி, தயங்காமல் முழுவதுமாக ஒரே மூச்சில் செருகினால் அது சரியாகிவிடும்.

நம் கடற்கரை ஊர்களுக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. கடலூர் முதுநகரானாலும் தேவனாம்பட்டினமானாலும், இங்கே புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீதிகளானாலும், ஆண்டு முழுவதும் உப்பு கலந்த ஈரக்காற்று வீசுகிறது. முலாம் மெல்லியதாக உள்ள தொடுமுனைகளில் இது மங்கலான படலத்தையும், சில சமயம் பச்சைக் கறையையும் உண்டாக்குகிறது. மெதுவான சைகை அதைத் தாண்டி எப்படியோ போய்விடும். நொடிக்கு 500 கோடி முறை மாறும் சைகை போகாது. பயன்படாமல் திறந்து கிடக்கும் துளைகளில் இது மேலும் விரைவாக நேர்கிறது. கணினியை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் முனைகளைத் துடைத்து உலரவிட்டு மாட்டிப் பாருங்கள். பயன்படுத்தாத துளைகளை ரப்பர் மூடியால் மூடி வைப்பது நம் பகுதியில் வீண் செலவன்று.

ஆனால் என் முதல் ஊகத்தோடு போட்டி போடும் இன்னொரு விளக்கமும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. இன்று விற்கும் கையடக்க ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில், அடுத்தடுத்த தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு எழுதும் எஸ்.எம்.ஆர். என்னும் முறை இருக்கிறது. ஒரே பரப்பில் அதிகத் தரவை அடைக்க இது உதவுகிறது. ஆனால் ஏற்கெனவே எழுதிய இடத்தில் ஒரு தடத்தை மாற்ற வேண்டுமானால் அதை அடுத்துள்ள தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. புதிய, காலியான டிஸ்க்கில் இது தெரியாது. பழைய திருமணங்களை அழித்து அழித்துப் புதியவற்றை ஏற்றும் டிஸ்க்கில், முதல் சில பத்து ஜி.பி. விரைவாக ஏறிவிட்டு, பிறகு வேகம் 20, 30 என்று விழுந்துவிடும். அப்போதும் சராசரி எடுத்துப் பார்த்தால் இதே 33க்கு அருகில்தான் வந்து நிற்கக்கூடும்.

இரண்டில் எது என்று பிரித்தறிய எந்தக் கருவியும் தேவையில்லை. பத்து ஜி.பி.க்குக் குறையாத ஒரே ஒரு காணொளிக் கோப்பை எடுத்து, கணினியிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள்; நகலெடுக்கும் சாளரத்தில் கூடுதல் விவரங்களைத் திறந்தால் வேகத்தின் வரைபடம் தெரியும். தொடக்கம் முதல் முடிவு வரை 30க்கும் 40க்கும் நடுவில் நேர்கோடாக ஓடினால் குற்றம் இணைப்பில்தான். கேபிள், துளை, முனை என்று வரிசையாக மாற்றிப் பாருங்கள். 100க்கு மேல் ஓடினால் இணைப்பு சரி; பிறகு 180 ஜி.பி. முழுவதையும் ஏற்றும்போது வெகுநேரம் கழித்து வேகம் விழுந்தால் எஸ்.எம்.ஆர். மீது சந்தேகம் வலுக்கிறது. காணொளி நன்றாக ஏறி, படக் கோப்புறை மட்டும் தவழ்ந்தால் சிறு கோப்புகளே காரணம். ஹார்ட் டிஸ்க்கின் முள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து மில்லிநொடிகள் ஆகின்றன. 30 மெகாபைட் கொண்ட, கேமரா பதப்படுத்தாமல் தரும் 'ரா' (RAW) படத்துக்கு அது பொருட்டே இல்லை. படத்தொகுப்பு மென்பொருள் உருவாக்கும் சில கிலோபைட் முன்னோட்டக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் அந்தக் காத்திருப்பே வேலை முழுவதையும் விழுங்கிவிடும். அத்தகைய முன்னோட்டங்களை நகலெடுக்காமல் விட்டுவிடலாம். தேவைப்படும்போது மென்பொருள் அவற்றை மீண்டும் உருவாக்கிக்கொள்ளும்.

எல்லாம் சரியாகி முழு 3.0 வேகத்தில் இணைந்துவிட்டாலும் உங்களுக்கு 450 கிடைக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் கையடக்க ஹார்ட் டிஸ்க், தட்டின் வெளி விளிம்பில் நொடிக்கு 120, 130 மெகாபைட் எழுதும். உள்தடங்களுக்குப் போகப்போக அதில் பாதியாகக் குறையும். டிஸ்க் நிரம்ப நிரம்ப மெதுவாவது பழுதன்று, வட்டத்தின் இயல்பு. வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் மதகு திறந்த அளவுக்குத்தான் தண்ணீர் வரும். சராசரியாக 110 என்று வைத்துக்கொண்டால் உங்கள் 180 ஜி.பி. அரை மணி நேரத்துக்குள் ஏறிவிடும். ஒன்றரை மணி அரை மணியாவதற்கு ஒரு நல்ல கேபிளே போதும் என்றால் அது சிறிய லாபமன்று.

உங்கள் தொழிலில் மூத்தவர்களுக்கு இது புதிய பாடமில்லை. மினி டி.வி. டேப் கேமராக்களின் காலத்தில் ஃபயர்வயர் இணைப்பில்தான் காணொளியைக் கணினிக்கு ஏற்றினார்கள். அதன் வேகம் 400 மெகாபிட். ஆனால் கேமரா தந்த காணொளி ஓடையோ 25 மெகாபிட். டேப் ஓடிய வேகத்தில்தான் தரவு வந்ததால், ஒரு மணி நேர டேப்பை ஏற்ற ஒரு மணி நேரம் ஆனது. கம்பியின் பெரும்பகுதி சும்மா கிடந்தது. அதே ஃபயர்வயர் 400, ஹார்ட் டிஸ்க்குகளை இணைத்தபோது 480 என்று பெயர்பெற்ற யு.எஸ்.பி. 2.0ஐ நடைமுறையில் முந்தியது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கணினியின் அனுமதியை எதிர்பார்க்காமல் கருவிகளே பேசிக்கொள்ளும்படி அது வடிவமைக்கப்பட்டிருந்ததே காரணம்.

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைகளில் மிகுந்த குழப்பம் இதனால்தான். யு.எஸ்.பி. 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 ஆகிய மூன்றும் ஒரே 5 ஜிகாபிட் இணைப்புக்கு வெவ்வேறு காலங்களில் வைக்கப்பட்ட பெயர்கள். 2013இல் வந்த 3.1 ஜென் 2தான் 10 ஜிகாபிட். 2017க்குப் பிறகு அதையே 3.2 ஜென் 2 என்கிறார்கள். அதில் பிட் கழிவும் மிகக் குறைவு என்பதால் நடைமுறையில் 1,000 மெகாபைட்டை நெருங்கும். 20 ஜிகாபிட் தரும் இன்னொரு வகையும் உண்டு. கணினியும் கருவியும் இரண்டுமே அதை ஆதரித்தால்தான் பலன், இல்லையென்றால் 10க்கு இறங்கிவிடும். 2019இல் வந்த யு.எஸ்.பி. 4 அதிகபட்சம் 40 ஜிகாபிட் வரையிலும், 2022இன் இரண்டாம் பதிப்பு 80 வரையிலும் போகின்றன. டைப்-சி என்பது துளையின் வடிவத்துக்கான பெயர் மட்டுமே. அதனுள் 480 மெகாபிட்டும் ஓடலாம், 40 ஜிகாபிட்டும் ஓடலாம். 2023இல் வந்த ஐபோன் 15க்கும் 15 புரோவுக்கும் ஒரே டைப்-சி துளைதான். முன்னதில் 480 மெகாபிட், பின்னதில் 10 ஜிகாபிட். ஆகவே வாங்கும்போது பதிப்பு எண்ணையும் துளை வடிவத்தையும் விட்டுவிட்டு, ஜிகாபிட் எத்தனை என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கு விற்ற கடைக்காரர் அந்த வகையில் உண்மையைத்தான் விற்றிருக்கிறார்: இணைப்பு 5 ஜிகாபிட்தான். டிஸ்க் அவ்வளவு வேகமாக எழுதாது என்பதைப் பெட்டி சொல்லவில்லை, அவ்வளவே.

மற்ற இணைப்புகளை விரைவாகக் கடந்துவிடலாம். பில் இயந்திரங்களிலும் எடைக்கருவிகளிலும் இன்னும் காணப்படும் ஆர்.எஸ். 232 சீரியல் இணைப்பு, வழக்கமான உச்சமான 1,15,200 பிட் வேகத்தில் நொடிக்குப் பதினொன்றரை கிலோபைட் தரும். உங்கள் ஒரு திருமணத்தை அதில் அனுப்ப ஆறு மாதம் பிடிக்கும், ஆனால் எடை எண்ணை அனுப்ப அது தாராளம். மவுஸும் கீபோர்டும் 1.5 மெகாபிட்டில் நிறைவாக வேலை செய்கின்றன, அவற்றை 3.0 துளையில் செருகி அதை அடைத்து வைக்காதீர்கள். டிஸ்க்குகளை மாட்டக் கணினிக்குள் இருக்கும் சாட்டா இணைப்பு 6 ஜிகாபிட், நிகர உச்சம் 600 மெகாபைட், சாட்டா எஸ்.எஸ்.டி.கள் 550க்கு அருகில் நின்றுவிடுவது இதனால்தான். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஜிகாபிட் ஈதர்நெட் வயரில் நொடிக்கு 110 மெகாபைட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும், அதாவது உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு ஏறத்தாழச் சமம். கூடத்தில் இரண்டு கணினிகள் இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவதைவிட வயரால் இணைத்துவிடுவது நல்லது.

இனி தண்டர்போல்ட். 2015இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பும் 2020இன் நான்காம் பதிப்பும் 40 ஜிகாபிட் தருகின்றன, என்.வி.எம்.இ. என்னும் மிக வேகமான வகை எஸ்.எஸ்.டி.யோடு நொடிக்கு 2,500 மெகாபைட்டுக்கு மேல் கிடைக்கும். ஆனால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டினால் அதே 110தான் வரும். மேசைக் கணினியில் தண்டர்போல்ட் அட்டையைச் சேர்ப்பதற்கு மதர்போர்டிலேயே அதற்கான ஆதரவு இருக்க வேண்டும். எந்தப் பலகையிலும் செருகிவிட முடியாது. எனவே உங்கள் நிலையில் அந்தச் செலவை நான் பரிந்துரைக்கவில்லை. முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளின் படங்களை ஏற்ற வேண்டியிருக்கிறது, நேரம்தான் பெரிது என்றால், 5 ஜிகாபிட் துளையிலேயே மாட்டக்கூடிய ஓர் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள், 400 மெகாபைட் வேகத்தில் 180 ஜி.பி. ஏறத்தாழ எட்டு நிமிடத்தில் முடியும். அதற்கும் மூலப் படங்கள் இருக்கும் இடம் அதே வேகத்தில் தர வேண்டும். கணினிக்குள் இருப்பது ஹார்ட் டிஸ்க் என்றால் அதன் 150, 200தான் எல்லை. மிக மலிவான எஸ்.எஸ்.டி.களில் தற்காலிகச் சேமிப்பிடம் நிரம்பியதும் வேகம் ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே இறங்குவதுண்டு. வேலைக்கு எஸ்.எஸ்.டி.யையும், ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைக்க ஹார்ட் டிஸ்க்கையும் வைத்துக்கொள்வதே என் விருப்பம். மின்சாரமே பாயாமல் நெடுங்காலம் கிடக்கும் எஸ்.எஸ்.டி.யில் தரவு அழியும் வாய்ப்பு இருப்பதால் வாடிக்கையாளரின் ஒரே பிரதியை அதில் விட்டுவைக்கக் கூடாது.

கார்டு ரீடரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் நேரத்தில் ஒரு பங்கு அங்கேயும் போகிறது என்றே நினைக்கிறேன். கேமரா எஸ்.டி. கார்டுகளில் யு.எச்.எஸ். 1 வகையின் உச்சம் 104 மெகாபைட், யு.எச்.எஸ். 2இன் உச்சம் 312. நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரீடர்கள் பெரும்பாலும் 2.0 வகை என்பதால் எந்தக் கார்டைப் போட்டாலும் 35ஐத் தாண்டாது. அந்த ரீடரையும் ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே 2.0 ஹப்பில் மாட்டி ஒன்றிலிருந்து மற்றதற்கு நேராக நகலெடுத்தால், படிப்பதும் எழுதுவதும் ஒரே கம்பியைப் பங்கிட்டுக்கொண்டு வேகம் இன்னும் பாதியாகும். நல்ல 3.0 ரீடர் ஒன்றுக்குச் செலவழிப்பதுதான் இந்தப் பட்டியலில் உடனடியாகப் பலன் தரும் செலவு.

தனிக் காணொளிக் கோப்பு ஏறிய வேகம், படக் கோப்புறை ஏறிய வேகம், ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள மாதிரி எண் ஆகிய மூன்றையும் இங்கே எழுதுங்கள். மாதிரி எண் தெரிந்தால் அது எஸ்.எம்.ஆர். வகையா என்பதைத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்த்துவிடலாம். அதற்கு முன் எதையும் மாற்றி வாங்க வேண்டாம்.